ஒட்டும் புரதத்தை எப்படி ஊர் சேர்ப்பது?

பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் உள்ள மூளை அருங்காட்சியகத்தில் நிஜ மனித மூளையையே பார்க்கலாம். குறுக்கே வெட்டிய மூளையில் ஓரமெல்லாம் சாம்பல் நிறமாகவும் உள்ளே பெரும்பகுதி வெளுப்பாகவும் இருக்கும். அந்த வெளுப்புக்குக் காரணம் மையலின். நரம்பிழைகளின் மேல் சுற்றுச்சுற்றாகப் படிந்த உறை அது. ஈரத்தை நீக்கி எடைபோட்டால் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்புதான். உறையுள்ள தடித்த இழைகளில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய இழைகளில் 2 மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைப் போடுவது ஆலிகோடென்ட்ரோசைட் என்ற துணைச் செல். பெயர்தான் வாயில் நுழையாது, வேலை படு சுத்தம். ஒரே செல் பல கிளைகளை நீட்டி, 40, 50 இடங்களில்கூட உறை சுற்றிவிடும். சரி, அத்தனை கிளைகளின் நுனிக்கும் உறைக்கான புரதம் எப்படிப் போகிறது?

உறையின் முக்கியமான புரதங்கள் இரண்டு: பி.எல்.பி. (புரோட்டியோலிப்பிட் புரோட்டீன்), எம்.பி.பி. (மையலின் பேசிக் புரோட்டீன்). பி.எல்.பி. வழக்கமான பாதையில் போகிறது. செல்லின் நடுப்பகுதியில் உருவாகி, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி என்ற உறுப்பு வழியாக வந்து, சின்னப் பைகளில் ஏறிக் கிளம்புகிறது. அதிலும் ஒரு பகுதி லைசோசோம் (செல்லின் கழிவைச் செரிக்கும் பை) மாதிரியான பைகளில் காத்திருந்து, நரம்புச் செல்லிடமிருந்து சமிக்ஞை வந்தபிறகே செல்லின் மேற்பரப்புக்குப் போவதை வளர்ப்புச் செல்களில் பார்த்திருக்கிறார்கள்.

எம்.பி.பி. கதையே வேறு. அதற்கு நேர்மின்னூட்டம், சவ்வின் உட்பக்கத்துக்கு எதிர்மின்னூட்டம். இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் மாட்டினால் இரண்டையும் இறுக்கி ஒட்டிவிடும். உறை கெட்டியாவதே இதனால்தான். ஆனால் செல்லுக்குள் எங்கு பார்த்தாலும் சவ்வுதான். நடுவிலேயே செய்து அனுப்பினால் வழியில் கண்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிமெண்டுக் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருக்க எந்தக் கொத்தனாரும் சம்மதிப்பாரா? கட்டுகிற இடத்துக்குப் போய்த்தானே தண்ணீர் ஊற்றுவார்.

செல்லும் அப்படித்தான், எம்.பி.பி.யைப் புரதமாக அனுப்புவதில்லை. கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்டதே எம்.ஆர்.என்.ஏ. என்ற புரதச் செய்முறைக் குறிப்பு, அதைத்தான் அனுப்புகிறது. எம்.பி.பி.க்கான எம்.ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் 21 எழுத்துகள் கொண்ட ஒரு முகவரி உண்டு. அதை அடையாளம் கண்டு ஏ2 என்ற புரதம் பிடித்துக்கொள்ள, எல்லாம் சேர்ந்து ஒரு துகளாகிறது. கைனசின் என்ற மோட்டார் புரதம் அந்தத் துகளை செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழாய்கள் மேல் இழுத்துக்கொண்டு கிளை நுனிக்குப் போகிறது. போகிற வழியில் புரத உற்பத்தி பூட்டியே கிடக்கும். நுனி நரம்பிழையைத் தொட்டதும் ஃபின் என்ற நொதி விழித்துக்கொண்டு ஏ2-வில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கும், பூட்டு திறக்கும். புரதம் செய்யும் இயந்திரங்களான ரைபோசோம்கள் அங்கேயே எம்.பி.பி.யைச் செய்து கொடுக்கும். என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே அழகான கட்டம் இதுதான்.

எம்.பி.பி. மரபணுவின் பெரும்பகுதியை இழந்த ஷிவரர் எலிகள் உடல் உதறிக்கொண்டே இருந்து சீக்கிரம் செத்துவிடும். அவற்றின் மூளையில் உறை இறுகுவதே இல்லை. 1987இல் அந்த மரபணுவைத் திரும்பச் சேர்த்ததும் நடுக்கம் நின்றது.

பி.எல்.பி. பக்கம் கோளாறு வந்தால் மனிதர்களுக்கு பெலிசியஸ்–மெர்ஸ்பாக்கர் நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும்; கண் அலைபாயும், கைகால் இறுகும். சில பிறழ்வுகளில் புரதம் சரியாக மடியாமல், உருவான இடத்திலேயே சிக்கிச் செல்லை நெருக்குகிறது. ஆனால் இந்நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது அப்படிப்பட்ட பழுதும் இல்லை. நல்ல மரபணுவே கூடுதலாக ஒரு பிரதி இருப்பதுதான்.