சிங்கப்பூரில் ஃப்ரீலான்ஸ் வெப் புரோகிராமிங்: வேலையை விடுவதற்கு முன் பாஸைப் பாருங்கள்

வெப் புரோகிராமிங் கற்றுக்கொண்டு ஃப்ரீலான்ஸுக்கு மாறலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, பிஎச்பியில் தொடங்குவதா ஜாவாஸ்கிரிப்டில் தொடங்குவதா, எத்தனை மாதத்தில் சம்பாதிக்கலாம் என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "நீங்கள் இங்கே என்ன பாஸில் இருக்கிறீர்கள்?" பாஸ் என்றால் வெளிநாட்டவர் இங்கே தங்கவோ வேலை செய்யவோ அரசாங்கம் தரும் அனுமதி. பலருக்கு அது சம்பந்தமே இல்லாத கேள்வியாகப் படுகிறது. நான் நிரந்தரவாசி. சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் ஆவண வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், இந்தத் தொழிலுக்கு வந்து பல வருடம் ஆகிறது. சிராங்கூன் ரோட்டுக் கடைகள், டியூஷன் நிலையங்கள், கேட்டரிங்காரர்கள் என்று சிறு வியாபாரிகளுக்கு வலைத்தளம் செய்து கொடுத்துத்தான் என் குடும்பம் ஓடுகிறது. எனக்குத் தெரிந்து, கோடிங் வராததால் சிக்கலில் மாட்டியவர்களைவிட இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் மாட்டியவர்கள்தான் அதிகம்.

எஸ் பாஸில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி ரெண்டு மணி நேரம்தானே, பணம்கூட ஊர்ல அப்பா கணக்குக்குத்தான் போகும், யாருக்குத் தெரியப்போகுது?" தெரியுமா தெரியாதா என்பதை வைத்து முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் மூன்றும் அதில் பெயர் போட்டிருக்கும் முதலாளிக்கு மட்டும் வேலை செய்யக் கொடுக்கப்பட்டவை. வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின்படி, செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். அப்புறம் இந்த நாட்டில் திரும்ப வேலை பார்க்கும் வாய்ப்பும் போய்விடலாம். முந்நூறு வெள்ளி வேலைக்காக, ஊரில் கடன் வாங்கி வந்து சேர்ந்த வாழ்க்கையைப் பணயம் வைக்காதீர்கள். படியுங்கள், சொந்தமாகப் பயிற்சித் தளங்கள் கட்டுங்கள், கிட்ஹப்பில் (புரோகிராம்களைச் சேமித்துக் காட்டும் தளம்) ஏற்றி வையுங்கள், இதையெல்லாம் யாரும் தடுக்கவில்லை. காசு வாங்கி வேலை செய்வது மட்டும் வேண்டாம்.

டிபென்டன்ட் பாஸில், அதாவது இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தினருக்குத் தரும் பாஸில், இருக்கும் சகோதரிகளின் நிலைமை எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவது. பொறியியல் படித்துவிட்டு, ஊரில் நல்ல ஐடி வேலையை விட்டுவிட்டு, கணவரோடு இங்கே வந்து செங்காங்கிலும் பொங்கோலிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் லேப்டாப்பைத் திறந்து உட்காரும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். வீட்டிலிருந்தே செய்கிற வேலைதானே, இதற்கு எதற்கு அனுமதி என்ற எண்ணம் அவர்களிடம் பரவலாக இருக்கிறது. 2021 மே 1 முதல், டிபென்டன்ட் பாஸ்காரர்கள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனியாக ஒரு வேலை பாஸ் வேண்டும். சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்கு ஒப்புதல் கடிதம் என்ற வழி உண்டு, ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவரையாவது குறைந்தபட்சத் தகுதிச் சம்பளத்தில் வேலைக்கு வைத்து மசேநிதி (மத்திய சேம நிதி) கட்டியிருக்க வேண்டும். தனி ஆளாக வேலை செய்யும் ஃப்ரீலான்ஸருக்கு அது எட்டாத நிபந்தனை. அதனால் அவர்களிடம் நான் சொல்வது, ஃப்ரீலான்ஸை விட்டுவிட்டு, பாஸ் எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கும் நிறுவனத்தைத் தேடுங்கள், அதற்கு ஏற்றபடி கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பாமல், உங்கள் நிலைமையை மனிதவள அமைச்சிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை.

சரி, நீங்கள் நிரந்தரவாசி, அல்லது குடிமகன். பாஸ் பிரச்சினை இல்லை. அடுத்து யோசிக்க வேண்டியது வீட்டுத் தவணை. சம்பளக்காரராக இருக்கும்வரை, 55 வயதுவரை, உங்கள் சம்பளத்தில் 20 சதவீதத்தோடு முதலாளி 17 சதவீதம் சேர்த்து மசேநிதியில் போடுகிறார் (நிரந்தரவாசியான முதல் இரண்டு ஆண்டு விகிதம் குறைவு, அது வேறு கணக்கு). பெரும்பாலான குடும்பங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுத் தவணையை மசேநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்துதான் கட்டுகின்றன, கையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. வேலையை விட்டதும் அந்தக் கணக்கில் புதிதாகப் பணம் விழுவது நின்றுவிடும். இருப்பு தீர்ந்தபின் தவணை முழுவதும் கைக்காசுதான். "மாசம் நாலாயிரம் வந்தா போதும், பழைய சம்பளம் வந்துடும்" என்று கணக்குப் போடுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். வீடு இன்னும் வாங்கவில்லை என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: நிலையில்லாத வருமானத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் வங்கி உங்கள் கடன் தகுதியைக் கணக்கிடும். வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால், அதை முடித்துவிட்டு வேலையை விடுவது நல்லது என்பது என் கருத்து.

பதிவு செய்வது சுலபம். உங்கள் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் அக்ராவில் (தொழில்களைப் பதியும் அரசாங்க ஆணையம்) பதியத் தேவையில்லை, வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். வருமான வரிக் கணக்கை இணையத்தில் ஏப்ரல் 18க்குள் தாக்கல் செய்ய வேண்டும், ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுவது கட்டாயம். இதற்காக வாங்கும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கிவிடுங்கள், வரி நோட்டீஸ் வரும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.

தொழிலுக்கு வருவோம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், வேர்ட்பிரஸ் எல்லாம் கோயம்புத்தூரில் இருக்கும் பையன் உங்களைவிடப் பல மடங்கு குறைந்த விலைக்குச் செய்து தருவான், அதில் போட்டி போட்டால் தோற்றுவிடுவோம். நமக்குக் காசு கொடுப்பது, இங்கே கடையில் போய் உட்கார்ந்து அவர்களின் தொழிலைப் புரிந்துகொள்வதற்கும், இந்த ஊரின் விதி தெரிந்திருப்பதற்கும்தான். டியூஷன் நிலைய உரிமையாளர் ஒருவர் பதிவுப் படிவத்தில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எண், பெற்றோரின் அடையாள அட்டை எண் இரண்டுக்கும் கட்டம் வேண்டும் என்றார். "பக்கத்து சென்டர்ல இருக்கே" என்றார். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலொழிய, அல்லது ஒருவர் யார் என்பதை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலொழிய, தனியார் நிறுவனங்கள் அந்த எண்களைச் சேகரிக்கக் கூடாது என்று சொல்லி, பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் மட்டும் வைத்துக் கொடுத்தேன். பிள்ளையைச் சேர்க்க அது போதும். இப்படி ஒரு கட்டத்தை எடுத்துவிடச் சொல்லத் தெரிந்தவரைத்தான் அவர்கள் அடுத்தவரிடம் சிபாரிசு செய்கிறார்கள். "அரசாங்க மானியம் கிடைக்குமா?" என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. உற்பத்தித்திறன் தீர்வுகளுக்கான மானியம் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களின் தீர்வுகளுக்குத்தான், நம்மைப் போன்ற தனி ஆள் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) எப்போதும் வாடிக்கையாளர் பெயரிலேயே எடுங்கள். நாளைக்கு உறவு முறிந்தாலும் அவர் கடையின் பெயர் அவரிடமே இருக்க வேண்டும்.

கொட்டேஷனில் என்னென்ன பக்கம், எத்தனை முறை திருத்தம், படமும் விவரமும் யார் தருவது, எந்தத் தேதிக்குள் தருவது என்று எழுதுங்கள். என் கொட்டேஷனில் இப்படி ஒரு வரி இருக்கும்: "மெனு, விலை, படங்கள் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரம், அதன்பின் சேர்க்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கட்டணம்." பாதித் தொகை பேநவ்வில் (உடனடி வங்கிப் பணமாற்றம்) வந்தபிறகுதான் வேலையைத் தொடங்குவேன். நம் ஆட்களிடம் முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கும், கோயிலில் பார்க்கிறோம், கல்யாணத்தில் பார்க்கிறோம், எப்படிக் கேட்பது என்று தோன்றும். ஆனால் முன்பணம் தரத் தயங்குபவர் முழுப்பணம் தருவதற்கும் தயங்குவார், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் பணம் வரவில்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சுயதொழில் செய்பவர்களின் பாக்கித் தகராறுகளுக்கு டாட்எம் என்ற முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) நிலையத்தில் சமரசம் பேச வழி உண்டு, இரு தரப்பும் வர ஒத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் வரவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இருவரும் சம்மதித்தால் 30,000 வரை. வக்கீல் தேவையில்லை, வைக்கவும் முடியாது. கையெழுத்திட்ட கொட்டேஷன், இன்வாய்ஸ், வேலை முடிந்து ஒப்படைத்த மின்னஞ்சல், "பார்த்துட்டேன், நல்லாருக்கு" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதால், தெரிந்தவராயிற்றே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.