மாட்டுக் கணக்கு குதிரைக்கு ஆகாது

இரவு பதினொன்றரைக்கு ஃபோன். "டாக்டரம்மா, காம்புல மெழுகு கட்டியிருக்கு. வர்றீங்களா, விடியட்டுமா?" ராமநாதபுரம் கரையோரத்துப் பெரியபட்டினத்துக்காரர். காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். விடியட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருடைய பெட்டைக்குதிரைக்கு இது இரண்டாவது சினை. முதல் குட்டி என்ன ஆனது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்று அவர் கூப்பிட்டது பனிக்குடம் உடைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். காலமெல்லாம் மாடு வளர்த்தவர், மாட்டுக்குப் பார்ப்பதுபோல் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பசு ஈனும்போது இரண்டு மணி நேரம் முக்கினாலும் கன்று பெரும்பாலும் பிழைத்துவிடும். குதிரைக்கு அந்த அவகாசம் கிடையாது. குடம் உடைந்தால் 20 நிமிடம், மிஞ்சினால் 30 நிமிடத்துக்குள் குட்டி தரையில் கிடக்க வேண்டும். முக்கும் வேகத்தில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியத் தொடங்கிவிடும், குட்டிக்கு மூச்சுக்காற்று போகும் வழி அதோடு அடைபடும். நான் போனபோது குட்டியின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. நேரத்தில் தெரிந்திருந்தால் நிமிர்த்தியிருக்கலாம்.

சரி, இந்த முறைக்கு வருகிறேன். குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள், 320-லும் போடும், 360 தாண்டியும் போடும். அதனால் நாள் எண்ணிப் பயனில்லை, மடியைத்தான் பார்க்க வேண்டும். கடைசி மாதத்தில் மடி இறங்கும், வால் அடியில் இரு பக்கமும் சதை தளரும். காம்பு நுனியில் மெழுகுபோல் ஒட்டினால் அனேகமாக ஓரிரு நாளில் குட்டி. சில பெட்டைகள் மெழுகே காட்டாமல் போட்டுவிடும். சிலதுக்குப் பல நாள் முன்னாலேயே பால் சொட்டும். அப்படிச் சொட்டினால் உடனே சொல்லுங்கள், வீணாவது சீம்பால்.

நான் போனபோது கொட்டில் வாசலில் பத்துப் பேர், அதில் நாலு பேர் கையில் செல்போன் வெளிச்சம். முதல் வேலையாக எல்லோரையும் அனுப்பினேன். குதிரை பெரும்பாலும் இரவில்தான் போடும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் முதல் கட்ட வலியை அடக்கி மணிக்கணக்கில் தள்ளியும் போடும். ஒரு மங்கலான விளக்கு, தூரத்தில் இரண்டு பேர், போதும்.

ஒரு மணிக்குப் பெட்டை வியர்த்தது. காலால் தரையைப் பறித்தது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. "வலி வந்துருச்சு" என்றார் காக்கா. எனக்குச் சந்தேகம். நம் கரையோரத்தில் தீவனத்தைத் தரையில் போடுவார்கள், புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். அந்த வயிற்றுவலிக்கும் இதே அறிகுறிதான். லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தேன். அடியில் மணல் தங்கவில்லை. (உங்கள் குதிரைக்கும் செய்து பாருங்கள், செலவே இல்லை. தீவனத்தைத் தொட்டியில் போடுங்கள்.)

அப்புறம் வெறும் காத்திருப்பு. கச்சான் காற்று பனையோலையை அடித்துக்கொண்டிருந்தது. பாண்டியர் காலத்தில் இந்தக் கரைக்கு அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. எவ்வளவு நல்ல ஜோடி சேர்த்தாலும் இந்த நாட்டில் கோணல்கால் குட்டிதான் பிறக்கிறது என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ குறைப்பட்டிருக்கிறார். குதிரைக்கு இங்கே சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்று சொன்னவரும் அவர்தான். அந்தத் தீனிக்கு வேறென்ன பிறக்கும்?

1.50-க்குக் குடம் உடைந்தது. காக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் எதுவும் சொல்லாமலே. ஐந்து நிமிடத்தில் வெண்மையான பை தெரிந்தது, உள்ளே ஒரு குளம்பு, சற்றுப் பின்னால் இன்னொன்று, அதன்மேல் மூக்கு. குளம்பின் அடிப்பக்கம் தரையைப் பார்த்திருந்தது. இதுதான் சரியான வரிசை. அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தாலும், ஒரே காலோ மூக்கு மட்டுமோ வந்தாலும், பத்து நிமிடமாகியும் ஒன்றும் தெரியாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். வெள்ளைக்குப் பதில் வெல்வெட் துணிபோல் சிவப்பாக ஒரு பை வந்தால் டாக்டருக்கு ஃபோன் போடும் நேரம்கூட இல்லை. அதை அப்போதே கிழித்து, பெட்டை முக்கும்போது குட்டியை இழுத்து வெளியே எடுங்கள், ஃபோன் பிறகு. கால்நடை ஆம்புலன்ஸின் 1962 எண்ணோடு, இரவில் வரக்கூடிய ஒரு கால்நடை மருத்துவரின் எண்ணையும் கடைசி மாதத்திலேயே வாங்கி வையுங்கள்.

2.12-க்குப் பெட்டைக்குட்டி விழுந்தது. மூக்கைத் துடைத்துவிட்டு நான் விலகினேன். காக்கா பிளேடோடு வந்தார். வேண்டாம் என்றேன். தாய் எழும்போது தொப்புள்கொடி தானாக அறும். அறுந்த இடத்தை நீர்த்த போவிடோன் மருந்தில் நனைத்தால் போதும், மஞ்சளும் சாம்பலும் பூசாதீர்கள். குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) லேசில் வரும். அதற்கான ஊசியை ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் தாய்க்குப் போட்டிருக்க வேண்டும்.

குட்டி நாலு தடவை விழுந்து ஐம்பதாவது நிமிடத்தில் நின்றது. இரண்டு மணி நேரத்துக்குள் மடியைப் பிடித்துக் குடிக்க வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வயிற்றுக்குள் வருவதில்லை, முழுக்கச் சீம்பாலில்தான் வருகிறது. ஒரு நாள் போய்விட்டால் அதைக் குடல் உள்ளே எடுத்துக்கொள்ளாது. சீம்பால் குட்டிக்குச் செரிக்காது என்று கறந்து மண்ணில் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிறு எரியும்.

மூன்றாவது கடிகாரம் நஞ்சுக்கொடிக்கு. மாட்டுக்கு அரை நாள் பொறுப்போம். குதிரைக்கு மூன்று மணி நேரம்தான், தாண்டினால் கருப்பையில் நஞ்சேறி, குளம்பு வீங்கித் தாயே படுத்துவிடலாம். தொங்கும் கொடியில் கல்லையோ செருப்பையோ கட்டி இழுக்காதீர்கள். மிதிபடாமல் முடிந்து வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இங்கே மூன்றரைக்கு விழுந்தது. கொட்டில் வேலை பார்க்கும் பெரியவர் சாக்கோடு நின்றார், ஆலமரத்தில் கட்ட வேண்டுமாம்.

"கட்டுங்கய்யா, நான் பாத்துட்டுத் தர்றேன்" என்று மணலில் சாக்கை விரித்து, கொடியை அதன்மேல் கால்சட்டைபோலப் பரப்பினேன். பெரிய கால், சின்னக் கால், இரண்டு நுனியும் முழுசாக இருந்தன. ஒரு துண்டு உள்ளே நின்றாலும் ஆபத்து. காக்கா குனிந்து தானும் ஒரு தடவை நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொண்டுபோகலாம் என்று பெரியவருக்குத் தலையசைத்தார்.