பன்றியின் முதுகில் ஒரு பாடம்

"ரோபோ வழியாகத் தசை எடுக்கும் மருத்துவர்கள் முதலில் பன்றியிடம் பழகுகிறார்களாமே, பிளாஸ்டிக் பொம்மை போதாதா?" என்று காரைக்குடி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்.

கிணற்றில் வாளியை இழுக்கும்போது முதுகில் திரளும் அகன்ற தசையை, அதற்குரிய தமனியும் சிரையும் அறுபடாமல் பிரித்து, புற்றுநோயால் இழந்த மார்பகத்தை மீண்டும் உருவாக்கப் பயன்படுத்துகிறார்கள். பழைய முறையில் முதுகில் நீண்ட தழும்பு விழும். ரோபோ முறையில் அக்குளில் ஒரு சிறு கீறலும் கருவிகள் நுழைய ஏறத்தாழ 8 மி.மீ. துளைகள் சிலவுமே தேவை; கரியமில வாயுவைச் செலுத்தி, வேலை செய்ய இடம் உண்டாக்குகிறார்கள்.

இதில் என்னை வியக்கவைப்பது தொடுவுணர்வின் இழப்பு. ஞாயிறு காலையில் நம்மூர்க் கறிக்கடையில் பாருங்கள்: கடைக்காரர் இரண்டு தசைகளுக்கு நடுவிலுள்ள சவ்வைக் கத்தியால் அல்ல, பெருவிரலை நுழைத்தே பிரிக்கிறார், எங்கே வழிவிடும், எங்கே கிழியும் என்பதை விரல் சொல்லிவிடுகிறது. இன்று பரவலாக உள்ள ரோபோக்களில் பெரும்பாலானவை கையின் நடுக்கத்தை வடிகட்டி அசைவை நுண்மையாக்கினாலும், திசுவின் எதிர்ப்பை மருத்துவரின் விரலுக்குத் திருப்பி அனுப்புவதில்லை. எனவே விரலின் வேலையைக் கண் கற்க வேண்டியிருக்கிறது: இழுவிசை மிகும்போது சவ்வு வெளிறுவதையும், கொழுப்புக்கு அடியில் தமனி துடிப்பதையும், தையல் நூல் அறுவதற்குச் சற்று முன் திசு குழிவதையும் பார்த்தே விசையை ஊகிக்க வேண்டும். பொம்மையில் தமனி துடிக்காது. தவறாக இழுத்தால் ரத்தம் கசிந்து கேமராவை மறைக்காது. மயக்கத்தில் இருக்கும் உயிருள்ள பன்றியின் முதுகுத் தசையில் இவை அனைத்தும் நிகழ்கின்றன.

பன்றி மனிதனின் நகலன்று. அதன் தோலுக்கடியில், நம் முதுகில் இல்லாத தனியொரு தசைத் தகடு உண்டு; அதை அறியாமல் நுழைபவர் தவறான அடுக்கில் பயணிக்க நேரும். பயிற்சி முடிந்தபின் அவ்விலங்கை எழுப்புவதில்லை. அந்த மயக்கத்திலேயே அதன் உயிரைப் போக்குகிறார்கள். இந்தியாவில் 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்துகிறது. கை அசைவுகளையும் முடிச்சிடுவதையும் கணினிப் பாவனைக் கருவியில் தேறிய பிறகே பன்றியிடம் வர வேண்டும் என்பது என் கருத்து. அக்கருவிகள் விலை மிக்கவை. ஆனால் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கிய காரைக்குடியில், கொடையாளர்களிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமில்லை.