‘புரூஃப் மார்க்’ என்பது சான்று முத்திரை அன்று

பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றிய ஆவணப்படங்களின் தமிழ் எழுத்துரைகளிலும், பிறமொழிக் குறிப்புகளைத் தமிழாக்கித் தரும் கட்டுரைகளிலும் ‘ஆதார முத்திரை’ என்றொரு தொடர் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கிக் குழலின் மேல் கிரீடமும் எழுத்துகளுமாகப் பொறிக்கப்பட்டிருக்கும் ‘புரூஃப் மார்க்’ என்பதற்கு, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிய தமிழாக்கம் இது. எதற்கு ஆதாரம் என்று கேட்டால் அந்தத் தொடரிடம் விடை இல்லை. இதைத் திருத்துவதாக எண்ணிச் சிலர் எழுதும் ‘சான்று முத்திரை’யோ இதைவிடத் தீங்கானது, ஏனெனில் அதனிடம் ஒரு விடை இருக்கிறது, அந்த விடை தவறானது.

சொல்லின் வரலாறு நீளமானதன்று. லத்தீனில் ‘ப்ரொபாரே’ என்றால் சோதித்துப் பார்த்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. சோதனையையும் சோதனையின் முடிவில் கிடைப்பதையும் ஒரே சொல்லால் வழங்கியதால், பொதுவழக்கில் ‘சான்று’ என்ற பொருள் முன்னே நிற்கிறது. தொழில்களிலோ பழைய பொருளே நிலைத்துவிட்டது. அச்சகத்தில் பிழை பார்ப்பதற்காக எடுக்கும் படியும் புரூஃப்தான். துப்பாக்கி வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘எப்ரூவ்’ என்கிறார்கள், பொருள் சோதனை. ஜெர்மானியர்கள் ‘பெஷுஸ்’ என்கிறார்கள், பொருள் சுட்டுப் பார்த்தல். இரண்டிலும் சான்று என்ற கருத்தே இல்லை.

அந்தச் சோதனை நடக்கும் விதம் இது. ஒரு வகைத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைவிட வேண்டுமென்றே மிகுதியான அழுத்தம் தரும் தோட்டாவை இட்டு, ஆள் ஒதுங்கி நின்று, துப்பாக்கியை வெடிக்கச் செய்வார்கள். பிறகு குழல், தோட்டா அறை, அந்த அறையைப் பின்னிருந்து அடைக்கும் போல்ட் ஆகியவற்றில் வீக்கமோ விரிசலோ உண்டா என்று ஆராய்ந்து, இல்லையென்றால் முத்திரை குத்துவார்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாமின் சோதனைச் சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. 1914இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தொடங்கிய பன்னாட்டு ஆணையத்தின் இன்றைய விதிப்படி, ரைஃபிள்களுக்கு உச்ச அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சோதிக்கிறார்கள்.

இனி ‘சான்று முத்திரை’க்கு வருவோம். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, மருத்துவர் தரும் உடற்தகுதிச் சான்று என எதை நீட்டினாலும், ‘இது உண்மை, இதை நம்பி மேலே நடக்கலாம்’ என்றே வாங்குபவர் கொள்கிறார். சான்று என்ற சொல் தமிழில் நடப்புக்கான உறுதிமொழி. புரூஃப் முத்திரை அப்படி எந்த உறுதிமொழியும் தருவதில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு வகைத் தோட்டாவுக்கென்று, இந்தக் குழலும் இந்தப் போல்டும் மிகையழுத்தத்தைத் தாங்கின என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. அதற்குப் பின் எண்பது ஆண்டுகளில் யாரோ தோட்டா அறையைக் கடைந்து அகலப்படுத்தியிருக்கலாம், போல்ட் மாற்றப்பட்டிருக்கலாம், குழலின் உட்புறம் துருவால் குழிந்திருக்கலாம். இவை எதையும் முத்திரை அறியாது.

முத்திரை குத்திய நாளிலேயே பழுதோடு இருந்த துப்பாக்கிகளும் உண்டு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலை செய்த 1903ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிள்களில், 8,00,000க்குக் கீழ்ப்பட்ட எண்ணுடையவற்றைச் சேகரிப்போர் சுடுவதில்லை. எஃகைக் காய்ச்சும்போது வெப்பத்தைத் தொழிலாளர்கள் நிறத்தைப் பார்த்துக் கண்ணாலேயே மதித்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் காய்ந்த எஃகு மங்கலாகத் தெரிந்ததால் இன்னும் காய்ச்சிவிட்டார்கள்; அளவுக்கு மேல் சூடேறிய எஃகு நொறுங்கும் தன்மை கொண்டது. அந்தத் துப்பாக்கிகள் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு அழுத்தச் சோதனையைத் தாங்கி முத்திரை பெற்றவைதான். பிறகு 1917இல் அவற்றில் சில சுடும்போதே உடைந்து சிதறின. இவற்றின் மேலிருப்பது ‘சான்று’ என்று ஒரு தமிழ் வாசகரிடம் சொன்னால், அவர் எதை நம்புவார்?

பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. நம் ஊர்க் காவலர்கள் கையில் நெடுங்காலம் இருந்த ‘த்ரீ நாட் த்ரீ’ இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஒரே துப்பாக்கியில் புரூஃப் முத்திரையும் இருக்கும், ‘டி.பி.’ என்ற இரண்டு எழுத்துகளும் இருக்கும். பின்னது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்பதன் சுருக்கம். அதைக் குத்திய துப்பாக்கியைச் சுடக் கூடாது. அகன்ற அம்புக்குறி அரசுடைமையைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால் அரசு அதை விற்றுக் கழித்துவிட்டது என்று பொருள். இவை அனைத்தையும் வேறுபாடின்றி ‘முத்திரை’ என்று எழுதிவிட்டு, அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் ‘சான்று’ என்ற மகுடம் சூட்டினால், வாசகர் மற்றவற்றைத் தள்ளிவிட்டு அதையே பிடித்துக்கொள்வார்.

தூய தமிழை விரும்புவோர் ‘மெய்ப்பு முத்திரை’ என்று பரிந்துரைக்கிறார்கள். ‘மெய்ப்பி’ என்ற வினை நல்ல தமிழ்தான். ஆயினும் மெய்ப்பு என்றவுடன் அச்சுத்தாள் நினைவுக்கு வருகிறது. உண்மை என நிறுவுதல் என்ற பொருளும் உடன் வருவதால் பழைய குழப்பமே திரும்புகிறது. ‘நோட்டம்’ என்பது என் மனத்துக்கு மிக நெருக்கமான சொல். காசையும் பொன்னையும் சோதித்துத் தேர்வதற்கு அதுவே பெயர், அத்தொழில் செய்தவர் நோட்டக்காரர்; அவருக்கும் முன்னே சங்கப் புலவர் பெயர்களிலேயே ‘வண்ணக்கன்’ என்ற நாணயச் சோதகர் நிற்கிறார். ஆனால் இன்று நோட்டம் விடுவது திருடனின் வேலை என்றாகிவிட்டது. இறந்த பொருளை உயிர்ப்பிக்கப் பாதுகாப்புக் குறிப்பு தகுந்த இடமன்று.

ஆகவே ‘தாங்குசோதனை முத்திரை’ என்பதே என் தேர்வு. சோதனை வடசொல் என்பார்கள். அதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன், எந்தத் தமிழரும் அகராதி இல்லாமல் அறியும் சொல் அது. தாங்கியது என்ற நிகழ்வையும், சோதிக்கப்பட்டது என்ற செயலையும் இத்தொடர் காட்டுகிறது, அதற்கு மேல் எதையும் வாக்களிப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு முறையீடும் உண்டு. குண்டு என்பது குழலிலிருந்து பறந்து செல்வது. தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, கூடு, பற்றவைக்கும் மூடி எல்லாம் சேர்ந்தது. ‘துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு’ என்று எழுதுகிறார்கள். பொருத்தம் பார்க்க வேண்டியது முழுத் தோட்டாவுக்கு. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கி ஆலை 1960களில் லீ-என்ஃபீல்டின் அதே உருவத்தில் 7.62 மி.மீ. ரைஃபிள்களைச் செய்தது, தொலைவிலிருந்து பார்த்தால், தோட்டாப் பெட்டியின் சதுர வடிவைத் தவிர வேறுபாடு எளிதில் தெரியாது. முன்னதன் தோட்டாக் கூடு விளிம்புடையது, 56 மி.மீ. நீளம், பின்னதன் கூடு விளிம்பற்றது, 51 மி.மீ. நீளம். துப்பாக்கியின் தோற்றத்தை வைத்துத் தோட்டா வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

ராணுவத்திலிருந்து விற்பனைக்கு வந்த லீ-என்ஃபீல்ட் குழல்களில் காணும் முத்திரை வரியை நான் இவ்வாறு தமிழாக்குவேன்: ‘நைட்ரோ வெடிமருந்தால் தாங்குசோதனை செய்யப்பட்டது, குழல் அளவு 0.303 அங்குலம், தோட்டாக் கூட்டின் நீளம் 2.222 அங்குலம், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 18.5 டன்.’ இதில் நைட்ரோ என்பது புகையற்ற வெடிமருந்து. டன் என்பது எடை தாங்கும் அளவன்று, அந்த வகைத் தோட்டாவுக்கு வகுத்த வேலை அழுத்தம். செப்புத் துண்டை நசுக்கி அளந்த அக்கால முறையில் வந்த எண்ணாதலால், இன்றைய கருவிகள் காட்டும் அளவோடு நேராக ஒப்பிடவும் கூடாது. வரியில் 0.303 என்றிருப்பதால் அந்த அளவுள்ள எல்லாத் தோட்டாவும் சரி என்றும் ஆகாது: அடியில் எட்டாம் மார்க்கை, அதாவது எட்டாம் வடிவமைப்பைக், குறிக்கும் ரோமன் எண்ணும் ‘இஸட்’ எழுத்தும் கொண்ட தோட்டா விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்கென வந்தது, தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளுக்கு உரியதன்று. தோட்டாவின் அடியையும் குழலின் வரியையும் ஒத்துப் பார்த்த பின், போல்ட் மூடியநிலையில் தோட்டாவுக்கு எஞ்சும் இடைவெளியை அளவி கொண்டு ஒரு துப்பாக்கிக் கம்மியர் அளந்து சொல்லும்வரை, அதை இட்டுச் சுடுவதற்கு இடமில்லை.