சீஃப் மினிஸ்டர் ஏன் ‘தலைமை அமைச்சர்’ ஆகவில்லை?

சீஃப் ஜஸ்டிஸ் என்றால் தலைமை நீதிபதி. சீஃப் செக்ரட்டரி என்றால் தலைமைச் செயலாளர். சீஃப் இன்ஜினியர் தலைமைப் பொறியாளர், சீஃப் எலெக்‌ஷன் கமிஷனர் தலைமைத் தேர்தல் ஆணையர். ஆங்கிலத்தில் ‘சீஃப்’ வரும் பதவிகளுக்குத் தமிழ்நாட்டில் ‘தலைமை’ போட்டுத்தான் எழுதுகிறோம். சீஃப் மினிஸ்டர் மட்டும் முதலமைச்சர். ‘தலைமை அமைச்சர்’ என்று எழுதிப் பாருங்கள், படிப்பவருக்கு டெல்லியில் இருக்கும் பிரதமர்தான் நினைவுக்கு வருவார்.

வேர்ச்சொல்லைத் தேடிப் போனால் இது இன்னும் விநோதமாகத் தெரியும். ‘பிரைம்’ என்பது லத்தீனில் ‘முதல்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ‘சீஃப்’ லத்தீனில் ‘தலை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. அப்படியே மொழிபெயர்த்தால் பிரைம் மினிஸ்டர்தான் முதலமைச்சர், சீஃப் மினிஸ்டர்தான் தலைமை அமைச்சர். தமிழில் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. போதாததற்கு, ‘பிரதமர்’ என்ற சொல்லில் இருக்கும் ‘பிரதம’ வடமொழியில் ‘முதல்’ என்பதையே குறிக்கும். பிரதமர் என்றாலும் முதல்வர் என்றாலும் சொற்பொருள் ஒன்றுதான். ஒருவர் நாட்டுக்கு, மற்றவர் மாநிலத்துக்கு என்பது நாம் வழக்கத்தால் பிரித்துக்கொண்டது.

இது மொழிபெயர்ப்பாளர் யாரோ செய்த பிழை என்று நான் நினைக்கவில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1920 டிசம்பரில் நீதிக்கட்சியின் அமைச்சரவை பொறுப்பேற்றது. அதற்குத் தலைமை வகித்தவர் சுப்பராயலு ரெட்டியார். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற சில துறைகள்தான் அமைச்சர்களிடம் இருந்தன. நிதியும் போலீசும் ஆளுநரின் நிர்வாகக் குழுவின் கையில். பிறகு 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வந்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ் வென்று, ராஜாஜி ஜூலையில் பொறுப்பேற்றார். அப்போது மாகாண அரசின் தலைவரை ஆங்கிலத்தில் ‘பிரீமியர்’ என்றார்கள், பிரைம் மினிஸ்டர் என்றும் சொன்னார்கள். டெல்லியில் பிரதமர் என்று ஒருவர் அப்போது இல்லை, வைஸ்ராய்தான் இருந்தார். எனவே சென்னையில் ஒருவர் பிரதம மந்திரி என்றால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வராது.

‘பிரீமியர்’ பிரெஞ்சுச் சொல். அதற்கும் ‘முதல்’ என்றுதான் பொருள்.

சுதந்திரம் வந்ததும் நாட்டுக்கு ஒரு பிரதமர் வந்துவிட்டார். 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாநிலத் தலைவர்களுக்கு ஆங்கிலத்தில் சீஃப் மினிஸ்டர் என்ற பெயர் உறுதியானது. அப்போது சென்னையில் ஆட்சியில் இருந்தவர் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரலில் பிரீமியராகப் பதவியேற்றவர், அதே நாற்காலியில் சீஃப் மினிஸ்டராகி 1952 வரை இருந்தார். ராஜாஜியோ 1937இல் பிரீமியர், 1952இல் சீஃப் மினிஸ்டர். ஆங்கிலம் ‘முதல்’ என்பதை விட்டுவிட்டுத் ‘தலை’க்கு மாறிக்கொண்டது. தமிழ் அப்படி மாறவில்லை. பிரீமியர் காலத்து ‘முதல்’ நம் பேச்சில் அப்படியே தங்கிவிட்டது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

காஷ்மீரில் இந்தப் பெயர் மாற்றம் மேலும் பதினைந்து ஆண்டு தள்ளி நடந்தது. 1965 வரை அந்த மாநிலத்தின் ஆட்சித் தலைவருக்குப் பெயர் பிரதமர்தான், உருதுவில் வசீர்-ஏ-ஆசம். ஜி. எம். சாதிக் அங்கே கடைசிப் பிரதமரும் முதல் முதலமைச்சரும் ஆவார். ஆஸ்திரேலியாவின் மாநிலங்களிலும் கனடாவின் மாகாணங்களிலும் இன்றுவரை பிரீமியர்தான்.

இலங்கைத் தமிழைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே ‘சீஃப்’ என்றால் ‘பிரதம’: பிரதம நீதியரசர், பிரதம செயலாளர். அந்தக் கணக்கில் சீஃப் மினிஸ்டர் ‘பிரதம அமைச்சர்’ ஆகியிருக்க வேண்டும். ஆனால் பிரதமர் என்ற பெயரில் நாட்டுக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். 1987இல் அரசமைப்பின் 13ஆம் திருத்தத்தின் வழியே மாகாண சபைகள் வந்தபோது அங்கேயும் முதலமைச்சர் என்ற சொல்லே நிலைத்தது. 1988இல் வடகிழக்கு மாகாணத்துக்கு வரதராஜப் பெருமாள், 2013இல் வடக்கு மாகாணத்துக்கு விக்னேஸ்வரன் என்று அந்தப் பதவியில் இருந்தவர்கள் எல்லோரும் முதலமைச்சர்கள்தான். கடலின் இரு கரையிலும் மற்றப் பதவிப் பெயர்கள் வேறாக இருக்க, இந்த ஒன்று ஒத்துப்போவது எனக்கு மகிழ்ச்சியான செய்தி.

சரி, பிற்பாதிக்கு வருவோம். அமைச்சரா, மந்திரியா? ‘மந்திரி வடமொழி, அமைச்சர் தமிழ்’ என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அகராதிகளோ ‘அமைச்சு’ என்பதற்கும் வடமொழியின் ‘அமாத்ய’ என்பதை மூலமாகக் காட்டுகின்றன. ‘அமா’ என்றால் உடன், வீட்டில். அரசனோடு உடன் இருப்பவர் அமாத்யர், அது பிராகிருத வழியில் அமைச்சு ஆனது என்பது அந்த விளக்கம். இல்லை, ‘அமை’ என்ற தமிழ் வேரிலிருந்தே வந்தது, காரியங்களை அமைத்துக் கொடுப்பவர் அமைச்சர் என்பது தனித்தமிழ் அறிஞர்கள் பக்கத்து வாதம். முதல் விளக்கம் வலுவானது என்று நினைக்கிறேன். அதனால் அமைச்சர் என்ற சொல்லுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பாகவே நிற்கும் சொல், நம்மோடு அவ்வளவு காலம் வாழ்ந்துவிட்ட சொல்.

அந்த அதிகாரத்திலேயே இன்னொன்றையும் கவனிக்கலாம். முதல் குறளை ‘மாண்டது அமைச்சு’ என்று முடிக்கும் வள்ளுவர், ஒன்பதாவது குறளில் ‘பழுதெண்ணும் மந்திரி’ என்கிறார். பக்கத்தில் இருந்துகொண்டே கேடு நினைக்கும் மந்திரி ஒருவன், எழுபது கோடிப் பகைவருக்குச் சமம் என்பது கருத்து. இரண்டு சொல்லும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. அதற்கு முந்தைய குறளில் மூன்றாவதாக ஒரு சொல் வருகிறது: ‘உழையிருந்தான்’. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவன், அதாவது அமைச்சன். அரசன் தானும் அறியாமல், அறிந்து சொல்பவர் பேச்சையும் தள்ளுபவனாக இருந்தாலும், உறுதியானதை எடுத்துச் சொல்வது உழையிருந்தான் கடமை என்கிறது அந்தக் குறள். அமாத்யர் என்ற சொல்லின் பொருளும் உழையிருந்தான் என்பதன் பொருளும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டபோது புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மந்திரி என்பது மந்திரத்திலிருந்து வந்தது. இங்கே மந்திரம் என்றால் ஓதுவதல்ல, ரகசிய ஆலோசனை. மந்திராலோசனை என்று கதைகளில் படித்திருப்போமே, அதுதான். இந்தச் சொல் கடல் கடந்து மலாயில் ‘மெந்தெரி’ ஆனது. அதைக் கேட்ட போர்த்துகீசியர் சீன அதிகாரிகளை ‘மாண்டரின்’ என்று அழைத்தார்கள் என்று சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். மலேசியாவில் சுல்தான் உள்ள மாநிலங்களின் ஆட்சித் தலைவருக்கு ‘மந்திரி பெசார்’ என்றுதான் பெயர். பெசார் என்றால் பெரிய. சுல்தான் இல்லாத பினாங்கு, மலாக்கா மாநிலங்களில் இருப்பவரை அங்குள்ள தமிழர்கள் முதலமைச்சர் என்கிறார்கள்.

ஆக, மந்திரி என்றால் ஆலோசனை சொல்பவர், அமைச்சர் என்றால் உடன் இருப்பவர். மன்னராட்சியின் மிச்சம் என்று இந்தச் சொற்களை ஒதுக்கிவிட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 163ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஆளுநருக்கு ‘உதவவும் ஆலோசனை கூறவும்’ முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. உழையிருந்தான் அதே இடத்தில்தான் இருக்கிறார். மாறியது ஆலோசனையின் எடை. அரசன் அமைச்சன் சொன்னதைத் தள்ளலாம். ஆளுநர், தம் விருப்புரிமைக்கென்று ஒதுக்கப்பட்ட சில இடங்கள் தவிர, அமைச்சரவை சொன்னபடிதான் நடக்க வேண்டும். 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது.

மன்னராட்சி நடந்த திருவிதாங்கூரிலும் புதுக்கோட்டையிலும் நிர்வாகத்தை நடத்திய திவான்களுக்கும் முதலமைச்சருக்கும் உள்ள வேறுபாடு இதோடு முடியவில்லை. திவான் பதில் சொல்ல வேண்டியது மன்னருக்கு. அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்பது சட்டப்பேரவைக்கு, அது 164ஆம் பிரிவு. முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார், மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். நியமன ஆணையில் ஆளுநரின் கையெழுத்து இருந்தாலும் அந்த நாற்காலி நிற்பது பேரவையின் நம்பிக்கையில்தான். தமிழ்நாட்டில் 234 இடங்கள், எனவே பெரும்பான்மைக்கு 118. அது இருக்கிறதா இல்லையா என்பதை ராஜ்பவனில் எண்ணக்கூடாது, பேரவையில்தான் எண்ண வேண்டும் என்று 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு சொன்னது. 1952இல் காங்கிரசுக்குச் சென்னையில் 375க்கு 152 இடங்களே கிடைத்தும் ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை அழைத்தார், மேலவைக்கு நியமன உறுப்பினராகவும் ஆக்கினார். அதைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. ஓயவும் கூடாது என்பேன்.

பதவியேற்கும்போது உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்பதில்லை, ஆறு மாதத்துக்குள் ஆனால் போதும். 1954இல் காமராஜர் பதவியேற்றபின் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று பேரவைக்குள் வந்தார். 1967இல் அண்ணா தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானவர், முதலமைச்சரான பிறகு மேலவை உறுப்பினரானார்.

இப்போது ‘முதல்’ என்ற சொல்லிடம் திரும்பி வருகிறேன். தமிழில் அதற்கு வரிசையில் முன் நிற்பது என்ற பொருள் உண்டு, தொடக்கம் என்ற பொருள் உண்டு, கடை வைக்கப் போடும் பணம் என்ற பொருளும் உண்டு. மூன்றாவது பொருள் இந்தப் பதவிக்கு அழகாகப் பொருந்துகிறது. ஓர் அமைச்சர் விலகினால் அவர் மட்டும் போவார். முதலமைச்சர் விலகினாலோ இறந்தாலோ அமைச்சரவை முழுவதும் கலைந்துவிடும். முதல் போனால் கடை இல்லை. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்ததும் நெடுஞ்செழியன் உடனே பொறுப்பேற்க வேண்டியிருந்தது அதனால்தான். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அவரே பொறுப்பேற்றார். அவரை ‘தற்காலிக முதலமைச்சர்’ என்று எழுதுகிறோம், ஆனால் அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. துணை முதலமைச்சர் என்ற பதவியும் அதில் இல்லை, சட்டத்தின் கண்ணில் அவரும் ஓர் அமைச்சர்தான்.

வரிசையில் முதல் என்ற பொருளைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். முதலாவது என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தாக வேண்டும். முதலமைச்சர் என்ற சொல்லுக்குள்ளேயே மற்ற அமைச்சர்கள் இருக்கிறார்கள். சமமானவர்களுள் முதல்வர் என்று பிரிட்டிஷ் மரபில் சொல்வது இதைத்தான். நடைமுறையில் இலாகாவைக் கொடுப்பதும் பிடுங்குவதும் அவர்தான், சமம் என்பது பெயருக்குத்தான் என்று சொல்வீர்கள். உண்மை. அப்படியிருந்தும், பெயர் எதைச் சொல்கிறதோ அதைத்தான் சட்டமும் சொல்கிறது.

‘முதல்வர்’ என்று சுருக்கும்போது அமைச்சர் விழுந்துவிடுகிறார். தனியாக ஒருவர் நிற்கிறார். பக்திப் பாடல்களில் முதல்வன் என்றால் இறைவன். கல்லூரிக்கும் ஒரு முதல்வர் உண்டு, யாழ்ப்பாணத்தில் மேயரும் மாநகர முதல்வர்தான். தலைப்புச் செய்தியில் இடமில்லாதபோது ‘முதல்வர்’ போடட்டும். பாடப்புத்தகத்திலும் அரசாணையிலும் கட்டுரையிலும் முதலமைச்சர் என்று முழுதாக எழுத வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு எழுத்து கூடினால் ஒன்றும் குறைந்துவிடாது.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. முதல், அமைச்சர் இரண்டும் சேர்ந்தால் முதலமைச்சர், ஒரே சொல். தினத்தந்தி நடுவில் சிறுகோடு போட்டு ‘முதல்-அமைச்சர்’ என்று எழுதிவருகிறது. இடம் விட்டு ‘முதல் அமைச்சர்’ என்று எழுதினால், முதன்முதலாக அமைச்சரானவர் என்றும் படிக்கலாம். பழைய எழுத்தில் வரும் ‘முதன்மந்திரி’ பிழையல்ல. லகரத்துக்குப் பின் மகரம் வந்தால் லகரம் னகரமாகும், முதன்மை என்பதில் ஆனது போல. சேர்த்து எழுதும் பழக்கம் இருந்தால்தான் ‘தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர்’ என்ற தொடர் தடுமாறாமல் நிற்கும். 1988 ஜனவரியில் ஜானகி ராமச்சந்திரன் பதவியேற்றபோது, அர் விகுதி இருபாலுக்கும் பொதுவாக இருந்ததால், அவருக்கென்று புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.