மூன்றாம் ஆண்டில் வெடிக்கும் சம்பளம்

கனடாவில் இருக்கும் வாசகர் ஒருவர் கூடைப்பந்து பற்றிக் கேட்டிருக்கிறார்: "ஜோனதன் குமிங்காவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வாரியர்ஸ் அணியோடு சம்பளத்தில் ஒத்துப்போகவும் இல்லை. பிறகு 2025 கோடை முழுவதும் வேறு ஓர் அணிகூட அவருக்கு நேரடியாக ஒப்பந்தம் நீட்டவில்லையே, ஏன்?"

விதிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். என்பிஏ என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் 30 அணிகள். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு, அதற்கும் மேலே இன்னொரு வரம்பைத் தாண்டினால் 'சொகுசு வரி' என்ற அபராதம். புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டின் முதல் சுற்றில் வருகிற இளைஞருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் இரண்டு ஆண்டுகள் உறுதி, அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். நான்காம் ஆண்டு முடிந்ததும் அணி அவருக்கு 'குவாலிஃபையிங் ஆஃபர்' என்ற ஓராண்டு ஒப்பந்தத்தை நீட்டினால் அவர் 'ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்' ஆகிறார். நீட்டாவிட்டால் முழு விடுதலை.

முன்னவருக்குக் கிடைப்பது பாதி விடுதலைதான். வேறோர் அணி அவரோடு 'ஆஃபர் ஷீட்' என்ற ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடலாம். ஆனால் பழைய அணி அதே தொகைக்குச் சம்மதித்து 'ஈடுகொடுத்துவிட்டால்' அவர் எங்கும் போக முடியாது. யோசிப்பதற்குப் பழைய அணிக்கு 2011 தொழிலாளர் ஒப்பந்தம் மூன்று நாள் கொடுத்தது. 2017இல் அது இரண்டு நாளானது.

'அதே தொகை கிடைக்கப்போகிறதே, வீரருக்கு என்ன நஷ்டம்?' என்று தோன்றும். நஷ்டம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: யாருமே கேட்காமல் போன விலையில். விலை கேட்க வருகிற அணியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆஃபர் ஷீட்டில் கையெழுத்திட்டதும் உச்சவரம்புக்குக் கீழே அவர்கள் சேர்த்துவைத்திருந்த இடம் முடங்கிவிடும். பதில் வருவதற்குள் மற்ற நல்ல வீரர்களை அடுத்தவர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். பழைய அணி ஈடுகொடுத்துவிட்டால் கோடையும் போனது, வீரரும் இல்லை. ஈடுகொடுக்கவில்லையென்றால் நிலைமை இன்னும் சங்கடம். நான்கு ஆண்டுகள் தினமும் பயிற்சியில் அவரைப் பார்த்தவர்கள், அவருடைய முழங்காலின் மருத்துவ அறிக்கை வரை படித்தவர்கள், 'இந்த விலைக்கு வேண்டாம்' என்று விட்டதைத்தானே நாம் வாங்கியிருக்கிறோம்?

இதற்கு 'வெற்றியாளரின் சாபம்' என்று பெயர். ஜாதகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல் ஏலங்களில் ஜெயித்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபம் ஈட்டாததைக் கவனித்து, அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு நிறுவனத்தின் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் 1971இல் எழுதினார்கள்: பலர் மதிப்பிடும் ஏலத்தில் ஜெயிப்பவர், பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவரே. இந்தத் துறையை வளர்த்த மில்கிரமுக்கும் வில்சனுக்கும் 2020இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஏலக் கணக்கை ஆராய நிதி கேட்டால் 'இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?' என்று முகம் சுளிப்பவர்களுக்கு, அலைக்கற்றையை அரசுகள் எப்படி விற்கின்றன என்பது தெரியாது என்றே நினைக்கிறேன்.

சாபம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அதற்குக் கண்டுபிடித்த மாற்று. பழைய அணி ஈடுகொடுக்க முடியும் என்றால், நமக்கு வலிக்காமல் அவர்களுக்கு மட்டும் வலிக்கும்படி ஒரு விலையைச் சொல்ல முடியுமா?

2003இல் வாரியர்ஸில் இருந்த கில்பர்ட் அரீனாஸ் என்ற இரண்டாம் சுற்று வீரரை வாஷிங்டன் கூட்டிப்போனபோது, வாரியர்ஸ் விரும்பினாலும் அந்தச் சம்பளத்துக்கு ஈடுகொடுக்க விதியில் வழி இல்லை. அதைச் சரிசெய்ய 2005இல் ஒரு திருத்தம் வந்தது: ஓரிரு ஆண்டு அனுபவமே உள்ள வீரருக்கு நீட்டும் ஆஃபர் ஷீட்டின் முதலாண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. இரண்டாம் ஆண்டில் சிறு உயர்வுதான். ஆனால் மூன்றாம் ஆண்டில் ஒரே தாவலாகத் தாவலாம். பழைய அணியைக் காப்பாற்ற எழுதிய இந்த விதியிலேயே ஆயுதம் ஒளிந்திருந்தது.

2012 கோடையில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளர் டாரில் மோரி அதை எடுத்தார். ஜெரமி லின் ஹார்வர்டில் படித்தவர். டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். 2011 டிசம்பரில் வாரியர்ஸும், பிறகு இதே ஹூஸ்டனும் கழற்றிவிட்டவர். நியூயார்க் நிக்ஸில் கடைசி இருக்கை கிடைத்து, பிப்ரவரியில் லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளிகள் குவித்து ஊரையே கலக்கினார். ஹூஸ்டன் நீட்டியது மூன்று ஆண்டுக்கு 2.51 கோடி டாலர். முதலாண்டு 50 லட்சம், அடுத்து 52 லட்சத்துச் சொச்சம், மூன்றாம் ஆண்டு ஏறத்தாழ 1.49 கோடி!

நுட்பம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. விலை கேட்ட ஹூஸ்டனுக்கு அது ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 84 லட்சம் என்று சீராகப் பதிவாகும். நிக்ஸ் ஈடுகொடுத்தால் அந்தந்த ஆண்டின் உண்மைத் தொகையே அவர்கள் தலையில் விழும். மூன்றாம் ஆண்டில், ஸ்டவுடமைர், சாண்ட்லர் போன்றவர்களின் பெருஞ்சம்பளம் ஏற்கெனவே அவர்கள் கணக்கில் காத்திருந்தது. போதாக்குறைக்கு 2013-14 முதல் சொகுசு வரி படிக்கட்டாக ஏறத் தொடங்கியது: வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் முதலில் ஒன்றரை டாலர், பிறகு 1.75, 2.50, 3.25. ஒரே தாள், ஒரே வீரர், இரண்டு விலை. நிக்ஸ் விட்டுவிட்டது. சிகாகோவிடமிருந்து ஓமர் ஆஷிக்கையும் இதே அச்சில், இதே தொகைக்கு மோரி பறித்துக்கொண்டார்.

இப்போது குமிங்கா. அவர் நான்கு ஆண்டு ஆடி முடித்தவர் என்பதால் இந்தத் தாவல் அவருக்குப் பொருந்தாது. ஆஃபர் ஷீட்டில் ஆண்டுக்கு 5 சதவீத உயர்வுதான் வைக்க முடியும். வாரியர்ஸைத் தனியாக வலிக்கவைக்க வழி இல்லை. தவிர, அந்தக் கோடையில் உச்சவரம்புக்குக் கீழே தாராளமாக இடம் வைத்திருந்தது புரூக்ளின் நெட்ஸ் ஒன்றுதான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று வாரியர்ஸோடு இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். இரண்டாம் ஆண்டு அணியின் விருப்பம். அதே நிலையில் இருந்த கேம் தாமஸும் குவென்டின் கிரைம்ஸும் வேறு வழியில் போனார்கள். குவாலிஃபையிங் ஆஃபரையே ஏற்றுக்கொண்டு, குறைந்த சம்பளத்துக்கு ஓராண்டு ஆடி, அடுத்த கோடையில் முழு விடுதலை என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஓராண்டில் அவர்கள் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றவும் முடியாது.

புரூக்ளின் ஏன் இறங்கவில்லை? 2025 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே ஐந்து பேரை எடுத்திருந்த அணிக்கு அவசரம் என்ன? 2016இல் நிலைமை தலைகீழ். கார்னெட், பியர்ஸ் என்ற மூத்த நட்சத்திரங்களுக்காக டிராஃப்ட் உரிமைகளை 2013இல் பாஸ்டனுக்கு வாரிக் கொடுத்திருந்த அவர்களுக்கு இளம் ரத்தம் கிடைக்க ஆஃபர் ஷீட் ஒரு வழி. டைலர் ஜான்சனுக்கு 5 கோடி நீட்டினார்கள், மூன்றாம் ஆண்டில் 1.92 கோடியாகத் தாவும்படி. மயாமி ஈடுகொடுத்தது, அந்த மூன்றாம் ஆண்டிலேயே அவரை ஃபீனிக்ஸுக்குத் தள்ளிவிட்டது. ஆலன் கிராபுக்கு நீட்டியது ஏறத்தாழ 7.5 கோடி. போர்ட்லேண்ட் ஈடுகொடுத்தது. வரிச்சுமை தாங்காமல் ஒரே ஆண்டில் அதே கிராபை அதே புரூக்ளினுக்கே அனுப்பி, பதிலுக்கு ஆண்ட்ரூ நிக்கல்சனை வாங்கி, உடனே விடுவித்தது. விடுவித்த வீரரின் மீதிச் சம்பளத்தை, மீதி ஆண்டுகளின் இரு மடங்கோடு ஒன்று கூட்டிப் பரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. மூன்று ஆண்டு ஏழாக நீண்டது. போர்ட்லேண்டுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத நிக்கல்சன், 2023-24 வரை ஆண்டுக்கு 28 லட்சம் டாலருக்குமேல் அவர்கள் சம்பளக் கணக்கில் இருந்தார்.