விமானத்தில் லேப்டாப்பும் வைஃபையும்: எது விதி, எது சலுகை?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சுமார் நாலு மணி நேரம். அதற்குள் அலுவலக வேலையை முடித்து அனுப்பிவிடலாம் என்று மடிக்கணினியோடு ஏறுகிறவர்கள் நிறைய. எல்லாருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: ஃபிளைட் மோடில் போடச் சொல்கிறார்களே, அப்புறம் வைஃபை எப்படி?

ஃபிளைட் மோடு என்பது விதி, வைஃபை என்பது விமான நிறுவனம் தரும் வசதி. தரையிலுள்ள செல்பேசிக் கோபுரத்தை உங்கள் கருவி தேடக்கூடாது என்பதுதான் விதியின் நோக்கம். ஃபிளைட் மோடைப் போட்டபின் வைஃபையை மட்டும் திரும்ப இயக்கினால் அது விதிமீறல் ஆகாது. முன்பெல்லாம் விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா 2013 அக்டோபரில் அதைத் தளர்த்தியது. சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமும் பின்னர் அனுமதித்தது. ஆனாலும் அந்த நேரத்தில் லேப்டாப்பை உள்ளே வைக்கச் சொல்வார்கள். காரணம் அலைவரிசை அல்ல, எடை. விமானம் குலுங்கும்போது ஒன்றரை கிலோ கருவி கையை விட்டுப் பறந்தால் யார் தலையிலாவது விழும். இதில் சிப்பந்தி சொல்வதே கடைசி வார்த்தை.

இலவசமா என்றால், நிறுவனத்தைப் பொறுத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலை 1 முதல் எக்கானமி வகுப்புக்கும் வரம்பில்லாத வைஃபையை இலவசமாகத் தருகிறது. நிபந்தனை ஒன்று: அந்த நிறுவனத்தின் பயணிகள் சலுகைத் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினராகக் காசு கிடையாது. உறுப்பினர் எண்ணை முன்பதிவிலோ செக்-இன் செய்யும்போதோ சேர்த்துவிடுங்கள். போயிங் 737-800 ரக விமானங்களில் இந்த வசதி இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அதன் மலிவுக் கட்டணக் கிளை நிறுவனமான ஸ்கூட்டில் சில விமானங்களில் மட்டும் வைஃபை உண்டு, அதுவும் கட்டணத்துக்கு.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் பெயர். வைஃபைக்குள் நுழையக் குடும்பப் பெயரைக் கேட்பார்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் பலருக்கு அந்தக் கட்டமே காலி. டிக்கெட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது அச்சாகியிருக்கிறதோ, அப்பா பெயரோ உங்கள் பெயரோ, அதையே தட்டச்சு செய்யுங்கள். உறுப்பினர் கணக்கிலும் பெயர் அதே மாதிரி இருக்கட்டும். நுழைவுப் பக்கமே திறக்காவிட்டால் அலுவலக விபிஎன்-ஐ அணைத்துவிட்டு முயலுங்கள். உள்ளே போனதும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

வேகத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பல விமானங்களில் இணைப்பு சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகப் போய்த் திரும்புகிறது. மின்னஞ்சலுக்குப் போதும். காணொளிச் சந்திப்பு நடத்தப் போய் பக்கத்து இருக்கைக்காரரின் முறைப்பை வாங்கிக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் தன் பாட்டுக்கு அப்டேட் இறக்காமல் இருக்க, அந்த இணைப்பை அமைப்புகளில் மீட்டர்டு (அளவாகப் பயன்படுத்த வேண்டிய இணைப்பு) என்று குறித்துவிடுங்கள்.

இந்திய வான்வெளிக்குத் தனி விதி. 2018 இறுதியில்தான் அங்கே விமான இணையத்துக்கே வழி பிறந்தது. 2024 நவம்பர் திருத்தத்தின்படி, விமானத்தில் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்த அனுமதி இருக்கும் நேரத்தில் மட்டுமே வைஃபை தரலாம். சென்னையில் இறங்க ஆரம்பித்ததும் இணைப்பு அறுந்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கோப்பை அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

வைஃபையின் பெயரை மட்டும் பார்த்து இணைவதிலும் கவனம் தேவை. 2024-இல் ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானத்திலும் விமான நிலையங்களிலும் போலி வைஃபை வைத்ததாக ஒருவர்மீது காவல்துறை குற்றம் சாட்டியது. நுழைவதற்கு மின்னஞ்சலின் கடவுச்சொல்லையோ ஃபேஸ்புக் கணக்கையோ கேட்டால் உடனே துண்டியுங்கள்.

லேப்டாப்பில் சிம் இருந்தால் கட்டாயம் ஃபிளைட் மோடு போடுங்கள். சில விமானங்களில் தனியாகச் செல்பேசிச் சேவையும் உண்டு. கருவி தானே அதில் ஒட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கில் எகிறும்.

மின்னூட்டத்தை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பவர் பேங்க் வைத்து எதையும் சார்ஜ் செய்யக்கூடாது, இருக்கையின் யுஎஸ்பியில் பவர் பேங்கையும் சார்ஜ் செய்யக்கூடாது. கைப்பையில் கொண்டுபோகலாம், 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட்-மணி. செக்-இன் பெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.